படிகங்களின் வரலாறு – 12: அமுக்கமும் அணிவகுப்பும்

சென்ற அத்தியாயத்தில், 1929-ஆம் ஆண்டில் லீட்ஸ் சர்வகலாசாலையில் காத்லீன் லான்ஸ்டேல் என்னும் பெண்மணி, பென்சீன் வளையம் தட்டையானது, அறுகோண வடிவினது என்பதை எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டிய வரலாற்றைக் கண்டோம். அதனால் ஒரு மூலக்கூறின் உருவம் தெளிவாயிற்று. ஆனால் படிகம் என்பது ஒரு மூலக்கூறின் விஷயமன்றே! கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே கட்டளைக்கு உட்பட்டவைபோல் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கும் அணிவகுப்புக்கே படிகம் என்று பெயர். அந்த அணிவகுப்பு எதனால் அமைகிறது, எந்த நிலையில் குலைகிறது, குலைந்தபின் வேறு எந்த ஒழுங்கை மேற்கொள்கிறது என்ற கேள்விகளுக்கு விடை காண்பதற்கு இயற்கை இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: சூட்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பது ஒன்று, அமுக்கிப் பார்ப்பது மற்றொன்று. முதல் வழியில் மனிதன் ஆதிகாலம் தொட்டே நடந்து பழகியிருக்கிறான். இரண்டாவது வழியோ நெடுங்காலம் முட்புதர் மண்டிக் கிடந்து, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர்தான் செப்பனிடப்பட்டது. அந்த வழியில் சென்றவர்களைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள வேற்றுமையை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நலம். ஒரு படிகத்தைச் சூடாக்கினால் அதனுள் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன; அத்துடன் அவற்றின் நடுக்கமும் மிகுகிறது. நிகழ்ந்த மாறுதலுக்கு விலகியது காரணமா, நடுங்கியது காரணமா என்று பிரித்துச் சொல்வது அரிதாகிவிடுகிறது. அழுத்தத்தில் இந்தக் குழப்பம் இல்லை. சூட்டை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், மூலக்கூறுகளின் இடைவெளி ஒன்றுதான் குறைந்துகொண்டே வரும். ஆகவே அவற்றை இணைக்கும் நுண்ணிய பந்தங்களின் குணத்தைப் பரீட்சிக்க இதைவிடச் சுத்தமான கருவி கிடையாது என்பது என் துணிபு.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் காற்று ஏறக்குறைய 1 கிலோகிராம் பாரத்தை ஏற்றி நிற்கிறது. இதனை ஒரு வாயுமண்டல அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பசிபிக் சமுத்திரத்தின் மரியானா பள்ளத்தின் அடித்தளத்தில், உலகிலேயே ஆழமான அந்த இடத்தில், அது ஏறக்குறைய 1,100 மடங்காகிறது. நாம் இனிப் பேசப்போகும் அழுத்தங்களோ ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களில் போய் நிற்பவை.

பென்சீன் என்ற பொருளே அழுத்தத்தின் வயிற்றில் பிறந்ததுதான் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் விளக்கெரிக்கும் பொருட்டு, எண்ணெயைக் காய்ச்சி எடுத்த வாயுவைச் சுமார் 30 வாயுமண்டல அழுத்தத்தில் இரும்புக் கலங்களில் அடைத்து விற்றுவந்தார்கள். அவ்வாறு அமுக்கும்போது கலத்தின் அடியில் ஒருவகைத் திரவம் தங்கியது. 1825-இல் மைக்கேல் பாரடே அத்திரவத்தைப் பிரித்தெடுத்துச் சோதித்து, குளிர வைத்தால் வெண்மையாக உறைந்து நிற்கும் புதிய பொருள் ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். அதுவே பென்சீன். சாதாரண அழுத்தத்தில் 5.5 டிகிரி சென்டிகிரேடில் அது உறைகிறது. ஆனால் குளிர்விக்காமலேயே, 25 டிகிரிச் சூட்டிலேயே வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 700 வாயுமண்டல அழுத்தம் கொடுத்தாலும் அது உறைந்துவிடும். கரிமச் சேர்மங்களில் பெரும்பாலானவை இவ்வாறே அழுத்தத்தில் எளிதில் உறைபவை. இந்த உறைநிலைக் கோடுகளைப் பொருள்தோறும் வரைந்து, அழுத்தத்தில் உருவாகும் படிகங்களைப் பற்றி 1903-இல் ஒரு விரிவான நூலும் இயற்றியவர் ஜெர்மானியரான குஸ்டாவ் டாமன். அவர் காலத்துக் கருவிகள் 3,000 வாயுமண்டலத்தைத் தாண்டுவதற்கே திணறின. அதற்குமேல் செல்ல ஒரு மகா சாமர்த்தியசாலி வேண்டியிருந்தது.

அந்தச் சாமர்த்தியசாலி பெர்சி வில்லியம்ஸ் பிரிட்ஜ்மன். 1882-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்து, அதே ஊரிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணாக்கராக நுழைந்து, ஆசிரியராக உயர்ந்து, ஆயுள் முழுவதையும் அங்கேயே கழித்தவர். தம் கருவிகளைத் தம் கையாலேயே கடைந்து, தம் அளவுகளைத் தாமே எடுத்து, தம் கட்டுரைகளைப் பெரும்பாலும் தனியொருவராகவே எழுதி வெளியிட்டவர். 1905-ஆம் ஆண்டையொட்டி அவர் இத்துறையில் இறங்கியபோது ஏற்பட்ட ஒரு கோளாறு, தம் அழுத்தப் பொறியைத் திருத்தியமைக்க அவரைத் தூண்டியது. அந்தத் திருத்தம் ஒரு துறையையே படைத்தது என்றால் அது மிகையாகாது.

அவருக்கு முந்தியவர்களைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் எஃகின் பலக்குறைவு அன்று, கசிவு. எவ்வளவு இறுக முடுக்கினாலும், உள்ளே அழுத்தம் ஏறும்போது இடுக்கை அடைக்கும் பாக்கிங்கைத் தாண்டித் திரவம் பீச்சியடித்துவிடும். பிரிட்ஜ்மன் செய்தது இதுதான்: உருளையின் வாயை அடைக்கும் எஃகு அடைப்பானை, தலை அகன்றும் தண்டு குறுகியும் காளான் வடிவில் கடைந்தார், தண்டைச் சுற்றி மெத்தென்ற பாக்கிங் வளையத்தைப் பொருத்தினார், தண்டின் நுனியை எதன்மீதும் முட்டவிடாமல் ஒரு துளைக்குள் சும்மா நிற்க விட்டார். இப்போது உள்ளிருக்கும் திரவம் அகன்ற தலையின் முழுப் பரப்பையும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை ஏற்றுக்கொள்வதோ, தண்டின் பரப்பு நீங்கலாக எஞ்சிய வளையம் மட்டுமே. அதே பாரம் குறைந்த பரப்பின்மேல் விழுவதால், வளையத்தினுள் இருக்கும் அழுத்தம் திரவத்தின் அழுத்தத்தைக் காட்டிலும் எக்காலத்தும் ஒரு குறித்த விகிதத்தில் கூடுதலாகவே நிற்கும். எனவே உள்ளே அழுத்தம் ஏற ஏற அடைப்பும் தானாகவே இறுகுமேயன்றிக் கசிவதற்கு மார்க்கமில்லை. இனி எல்லையாக நிற்கக்கூடியது எஃகின் வலிமை ஒன்றே. இவ்வுபாயத்தால் முதலில் 12,000, பிறகு 20,000, இறுதியில் டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான பொருளைக் கையாண்டு 1,00,000 கிலோகிராம் வரையிலும் ஒரு சதுர சென்டிமீட்டரின்மேல் ஏற்றிக் காட்டினார். 1946-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு இதன்பொருட்டே அவருக்கு வழங்கப்பட்டது.

அழுத்தம் கிடைத்துவிட்டது, ஆனால் தடித்த எஃகு உருளைக்குள் பூட்டப்பட்ட பொருளுக்கு என்ன நேருகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பிரிட்ஜ்மன் பிஸ்டனின் நகர்வை அளந்தார். பிஸ்டனை உள்ளே தள்ளத் தள்ள அழுத்தம் ஒழுங்காக ஏறிக்கொண்டே வரும். ஏதோ ஒரு கட்டத்தில் பிஸ்டன் நகர்கிறது, அழுத்தம் மட்டும் ஏறாமல் அப்படியே நிற்கிறது என்றால், உள்ளே இருக்கும் பொருள் திடீரென்று சுருங்கி இடம் கொடுக்கிறது என்று அர்த்தம். அதாவது பழைய அணிவகுப்புக் கலைந்து, அதைவிட நெருக்கமான வேறோர் அணிவகுப்பு உருவாகிக்கொண்டிருக்கிறது. மாறுதல் முழுவதும் முடிந்த பிறகே அழுத்தம் மறுபடி ஏறத் தொடங்கும். இம்முறையில், 1914-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பென்சீனுக்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு என்ற செய்தி வெளியாயிற்று. பாரடே கண்ட வடிவத்தைப் பென்சீன் 1 என்றும், உயர்ந்த அழுத்தத்தில் தோன்றும் புதிய வடிவத்தைப் பென்சீன் 2 என்றும் வழங்கலாயினர்.

அதே 1914-இல் அவர் கோழிமுட்டையின் வெண்கருவையும் தம் உருளையில் இட்டுப் பார்த்தார் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. சூடு சிறிதும் காட்டாமல், அறையின் சாதாரண வெப்பநிலையில், 7,000 வாயுமண்டல அழுத்தத்தில் சுமார் அரைமணி நேரம் வைத்திருந்து எடுத்தபோது, அந்த வெண்கரு வேகவைத்த முட்டையைப்போல் கெட்டியாக இறுகியிருந்தது. உயிருள்ளவற்றின் பொருள்கள் அழுத்தத்திற்கு எத்துணை நெகிழ்ந்து கொடுப்பவை என்பதற்கு இதனினும் பிரத்தியட்சமான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சியது. பென்சீன் 2 என்று ஒன்று இருக்கிறது என்பதும், அது எந்த அழுத்தத்தில் தோன்றுகிறது என்பதும், எவ்வளவு சுருங்குகிறது என்பதும் தெரிந்தன. அதன் உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு நிற்கின்றன என்பது மட்டும் தெரியவில்லை. லான்ஸ்டேல் கையாண்ட எக்ஸ் கதிர்கள் பிரிட்ஜ்மனின் தடித்த எஃகுச் சுவருக்குள் நுழைய மாட்டா. அழுத்தம் வேண்டுமானால் சுவர் வேண்டும். காட்சி வேண்டுமானால் சாளரம் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக நின்றபடியால், இந்தத் துறையின் வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேல் இருளில் தடவிக்கொண்டே நடந்தது.

அந்த இடைக்காலத்தில் சிந்தனை சும்மா இருக்கவில்லை. மாஸ்கோவில் அலெக்சாண்டர் கிட்டைகோரோட்ஸ்கி என்ற அறிஞர், கரிமப் படிகங்கள் யாவற்றையும் ஆளும் பொதுவிதி ஒன்றை வகுத்துக் கூறினார். ஒரு மூலக்கூறின் உள்ளே அணுக்களைப் பிணைக்கும் தளை மிகவும் உறுதியானது; ஒரு மூலக்கூறுக்கும் அதன் அண்டை மூலக்கூறுக்கும் இடையே உள்ள ஈர்ப்போ மிகவும் மெலிவானது; ஆகையால் மூலக்கூறுகள் தங்களுக்குள் வெற்றிடம் கூடிய மட்டும் மிஞ்சாதபடி, ஓடு வேய்பவன் ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசையின் மேட்டைப் பொருத்துவதுபோல, ஒன்றன் குழிவில் மற்றொன்றின் புடைப்பு வந்து அமையுமாறு அடுக்கிக்கொள்கின்றன என்பது அவருடைய கொள்கை. அவ்வாறு அடுக்கிய படிகங்களில் மொத்த இடத்தில் நூற்றுக்கு 65 முதல் 77 வரையிலான பங்கை மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் என்றும், மீதி வெற்றிடம் என்றும் அவர் கணக்கிட்டார். உப்பையோ இரும்பையோ அமுக்கினால் அணுவோடு அணுவே நேராக மோதுகிறது. கரிமப் படிகத்தை அமுக்கினாலோ முதலில் விட்டுக்கொடுப்பது இந்த வெற்றிடம்தான். பென்சீன் வளையத்தில் கரிக்கும் கரிக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 1.4 ஆங்ஸ்ட்ராம். அது பல்லாயிரம் வாயுமண்டல அழுத்தத்திலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். வளையத்திற்கும் வளையத்திற்கும் இடையே உள்ள தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்து, இனிக் குறைய இயலாத ஒரு நிலையில் மூலக்கூறுகள் உருமாறாமலே திரும்பி, சாய்ந்து, வேறு வரிசையில் நின்றுவிடுகின்றன. கரிமச் சேர்மங்களின் படிக அமைப்பை அழுத்தம் மாற்றுவது என்பதன் சாரம் இதுவே.

சாளரம் கடைசியில் வைரத்தில் கிடைத்தது. எல்லாவற்றினும் கடினமான அந்தக் கல், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியையும், எக்ஸ் கதிர்களையும் ஒருங்கே உள்ளே விடக்கூடியது. 1950-இல் சிகாகோவில் லாசன், டாங் என்ற இருவர், 3 காரட் வைரத்தில் நுண்ணிய துளையிட்டு, அத்துளைக்குள் பொருளை வைத்து இருபுறமும் சிறு பிஸ்டன்களால் அமுக்கி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். அருமையான முயற்சிதான், ஆனால் துளையிட்ட வைரம் உள்ளிருந்து வரும் விரிவிசைக்கு ஆற்றாது பிளந்துவிடும். வைரத்தின் வலிமை அமுக்கத்தைத் தாங்குவதில் இருக்கிறதே தவிர விரிவைத் தாங்குவதில் இல்லை. வாஷிங்டனில் அமெரிக்க அரசாங்கத்தின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் வெயர், ஆல்வின் வான் வால்கன்பர்க், எல்மர் பன்டிங், அவர்களோடு மேரிலாந்து சர்வகலாசாலையின் எல்லிஸ் லிப்பின்காட் ஆகியோர் இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு, துளையிடும் எண்ணத்தையே கைவிட்டார்கள். இரண்டு வைரங்களை எடுத்து, அவற்றின் கூர்முனைகளைச் சிறிதளவே தேய்த்துத் தட்டையாக்கி, முகத்தோடு முகம் எதிரெதிராக நிறுத்தி, நடுவே பொருளை வைத்து ஒரு திருகினால் நெருக்கினார்கள். முகத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பாரம் சிறிது, அது விழும் பரப்பு அதனினும் மிகச் சிறிது, ஆகவே கையினால் திருகிய திருகாணி பல்லாயிரம் வாயுமண்டல அழுத்தத்தை உண்டாக்கியது. கடத்தல்காரர்களிடமிருந்து அரசாங்கம் பறிமுதல் செய்த வைரங்கள் இப்பணிக்கு வந்து உதவின. 1959-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, 30,000 வாயுமண்டலம் வரையில் பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலையைக் காட்டியது.

பின்னர் வான் வால்கன்பர்க் இரு வைரங்களுக்கும் நடுவே துளையுள்ள ஒரு மெல்லிய உலோகத் தகட்டைக் கேஸ்கட்டாக வைத்தார். அந்தச் சிறு மாறுதலின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். அதுவரை இரு முகங்களுக்கிடையே நசுங்கிய தூளாகவே இருந்த பொருள், இப்போது நாற்புறமும் சூழ்ந்த திரவத்தினிடையே, எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவான அழுத்தத்தைப் பெற்றது. முழுமையான ஒற்றைப் படிகத்தை உடையாமல் அமுக்கிப் பார்ப்பது சாத்தியமாயிற்று.

அந்தப் படிகத்தை வளர்க்கும் வித்தையைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலுள்ள துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. துளையில் ஒரு துளி பென்சீனை இட்டு, அது ஆவியாகிப் போகுமுன் மேல்வைரத்தை இறக்கி மூடுகிறார்கள். நுண்ணோக்கியின்கீழ் வைத்துத் திருகாணியைச் சிறிது சிறிதாக முடுக்குகையில், தெளிந்திருந்த துளை திடீரென்று மங்கி, எண்ணற்ற சிறு படிகங்களால் நிறைந்துவிடுகிறது. இது பயன்படாது, எக்ஸ் கதிருக்கு ஒரே ஒரு படிகம் வேண்டும். ஆகையால் கருவியை மெல்லச் சூடேற்றுகிறார்கள். சிறு படிகங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து மறைகின்றன. கடைசியாக, துளையின் ஓரத்தில் ஒட்டிய ஒற்றை மணி மட்டும் மிஞ்சியிருக்கும் தறுவாயில் சூட்டை நிறுத்தி, மிக நிதானமாக ஆறவிடுகிறார்கள். அந்த மணியே வித்தாகி, முகங்களும் விளிம்புகளும் கூர்மையாகத் தெரிய வளர்ந்து, துளை முழுவதையும் நிரப்புகிறது. ஒரு கணம் அசிரத்தையாக இருந்தால் அந்த ஒற்றை மணியும் கரைந்துபோகும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தர நிர்ணய நிலையத்தில் வெயரோடு காஸ்பர் பியர்மரீனி, ஸ்டான்லி பிளாக், ஆலன் மைகெல் ஆகியோர் இவ்வழியில் பாடுபட்டு, 1969-இல் பென்சீன் 2-இன் படிக அமைப்பை உலகுக்கு அறிவித்தார்கள். பிரிட்ஜ்மன் பிஸ்டனின் நகர்வைக் கொண்டு அதன் இருப்பை அனுமானித்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் காலமாகி 8 ஆண்டுகள் ஆகியிருந்தன. படிக அணிவகுப்பில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்துக்கு அலகறை என்று பெயர். பென்சீன் 1-இன் அலகறையில் மூன்று கோணங்களும் செங்கோணங்கள்; அதனுள் நான்கு மூலக்கூறுகள், அடுத்தடுத்தவை ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. ஏறக்குறைய 25,000 வாயுமண்டலத்தில் கண்ட பென்சீன் 2-இன் அலகறையிலோ இரண்டு மூலக்கூறுகளே உள்ளன. ஒரு கோணம் 110 டிகிரியாகச் சாய்ந்துவிட்டது. உறைநிலைக்குச் சற்றுக் கீழே பென்சீன் 1-இல் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் சுமார் 127 கன ஆங்ஸ்ட்ராம் இடம் இருந்தது. புதிய வடிவத்தில் அது சுமார் 103 ஆகக் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான இடம் மறைந்து போயிற்று. வளையத்திற்கு மட்டும் யாதொரு சேதமும் இல்லை. கிட்டைகோரோட்ஸ்கியின் கொள்கைக்கு இதனினும் அழகான உதாரணம் நான் அறியேன்.

அதன்பின் காரியங்கள் விரைவாக நடந்தன. 1972-இல் அதே நிலையத்தார், மாணிக்கத் துணுக்கு ஒன்றைப் பொருளோடு உள்ளே வைத்து, அது வீசும் சிவப்பொளியின் அலைநீளம் நகர்வதைக் கொண்டே அழுத்தத்தை அறியும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1974-இல் மெரில், பாசெட் இருவரும் உள்ளங்கையில் அடங்கும் சிறிய வைரக் கலத்தை அமைத்துத் தந்தார்கள். மூன்றே திருகாணிகள் கொண்ட அதனை எந்தப் படிகவியலாரும் தம்மிடமுள்ள எக்ஸ் கதிர்க் கருவியிலேயே பொருத்திக்கொள்ளலாம். தேர்ந்த சில கூடங்களின் தனியுடைமையாக இருந்த வித்தை பொதுவுடைமையாயிற்று.

பென்சீனில் மூலக்கூறுகளுக்கிடையே இருப்பது வெறும் மெல்லிய ஈர்ப்பு. ஐதரசன் பிணைப்பு என்ற சற்றே வலிய கயிற்றால் கட்டுண்ட படிகங்களில் என்ன நிகழும்? யூரியாவை எடுத்துக்கொள்வோம். 1828-இல் வோலர் என்ற இரசாயன அறிஞர் பரிசோதனைசாலையில் செய்து காட்டிய அதே யூரியா. இன்று நம் வயல்களில் தூவும் உரம். அதன் படிகத்தில் ஒவ்வோர் ஆக்சிஜனும் நான்கு ஐதரசன் பிணைப்புகளை ஏற்று நிற்கிறது. கட்டு உறுதியானது, ஆனால் அதனூடே வெற்றுக் கால்வாய்கள் ஓடுகின்றன. அழுத்தம் இந்தப் பிணைப்புகளை மேலும் இறுக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். போலந்தில் போஸ்னான் நகரத்துச் சர்வகலாசாலையின் ஆந்திரே கட்ருசியாக்கும் அவர் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கண்டது அதற்கு நேர்மாறானது. ஏறக்குறைய 4,700 வாயுமண்டலத்தில் படிகம் உருமாறும்போது ஆக்சிஜன் ஏற்கும் பிணைப்புகள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. வெற்றுக் கால்வாய்களை மூடி இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் படிகம் தன் கட்டுகளில் ஒன்றையே பலியிடுகிறது. சுமார் 28,000 வாயுமண்டலத்திற்கு மேல் தோன்றும் மற்றொரு வடிவத்தில் மறுபடியும் நான்கு பிணைப்புகள் கூடிவிடுகின்றன. எது வலிய பந்தம், எது மெலிய பந்தம் என்று நாம் போடும் கணக்கு, அழுத்தத்தின் சந்நிதியில் செல்லாது என்பதை யூரியாவைக் கண்டவர்கள் உணர்ந்துகொண்டார்கள்.

கிளைசீன் இன்னும் விசித்திரமானது. அமினோ அமிலங்களில் மிக எளிய அதற்குச் சாதாரண நிலையிலேயே ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று படிக வடிவங்கள் உண்டு. பீட்டா வடிவம் சுமார் 8,000 வாயுமண்டலத்திலேயே வேறு வடிவம் கொள்கிறது. காமா வடிவம் சுமார் 20,000-இலிருந்து மாறத் தொடங்குகிறது. ஆல்பா வடிவத்தையோ, மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் சித்ரா முர்லி, சுரீந்தர் சர்மா, சிக்கா முதலியோர், ராமன் சிதறல் முறையைக் கையாண்டு 2 லட்சத்து 25,000 வாயுமண்டலம் வரை சோதித்து, அது உருமாறவே இல்லை என்று 2003-இல் அறிவித்தனர். மூலக்கூறு மூன்றிலும் ஒன்றே. நிற்கும் வரிசை மட்டுமே வேறு. ஒரு வரிசை சிறு நெருக்கடியிலேயே கலைகிறது, மற்றொரு வரிசை அதைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு அழுத்தத்திலும் அசையாமல் நிற்கிறது.

இனி, காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலுக்கு வருவோம். கடையில் கிடைப்பது அதன் முதல் வடிவம். அதில் மூலக்கூறுகள் மடிப்பு மடிப்பான அடுக்குகளாக நிற்பதால் ஓர் அடுக்கு மற்றொன்றின்மேல் வழுக்கிச் செல்ல இயலாது. ஆகவே அதன் தூளை மட்டும் அச்சில் இட்டு அமுக்கினால் மாத்திரை உறுதியாக நிற்காமல் உதிரும். ஒட்டுப்பொருள்கள் சேர்த்தே அதனை உருவாக்குகிறார்கள். இரண்டாவது வடிவத்தில் அடுக்குகள் தட்டையாக இருப்பதால் வழுக்கி, எளிதில் இறுகிக்கொள்ளும். ஆனால் அது நிலைப்பட்டது அன்று. அழுத்தத்தினால் முதல் வடிவத்தை இரண்டாவதாக மாற்றலாகுமா என்ற கேள்வி இதனால் மிகுந்த பிரயோஜனம் உள்ளதாயிற்று. ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் நகரில் எலேனா போல்திரேவா என்ற அம்மையார் இதனை விடாப்பிடியாக ஆராய்ந்தார். முதல் வடிவத்தின் ஒற்றைப் படிகத்தை 40,000 வாயுமண்டலம் வரை அமுக்கியும் அது மாறவில்லை. ஆனால் மொத்தத்தில் சுருங்கிக்கொண்டிருந்த அப்படிகம் சில திசைகளில் மட்டும் விரிவதை அவர் கண்டார். மடிப்புகள் நசுங்கித் தட்டையாகும்போது அடுக்கு பக்கவாட்டில் நீள்கிறது. தூளாக வைத்து அமுக்கியபோதோ ஒரு பகுதி இரண்டாவது வடிவமாக மாறியது. அதுவும் ஒரு முறை நிகழ்ந்ததுபோல் மறுமுறை நிகழவில்லை. மாற்றத்தின் திறவுகோல் அழுத்தத்தின் அளவில் மட்டும் இல்லை, படிகத்தின் குறைகளிலும் ஓரங்களிலும் புதிய வடிவத்தின் வித்து எவ்வாறு முளைக்கிறது என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

எடின்பரோவில் பிரான்செஸ்கா பாபியானி, டேவிட் ஆலன், சைமன் பார்சன்ஸ், காலின் புல்ஹாம் ஆகியோர் வேறொரு மார்க்கத்தை நாடினார்கள். ஏற்கெனவே படிகமாக நிற்பதை அமுக்கினால் மூலக்கூறுகள் தங்கள் இடத்தை விட்டு அதிகம் நகர இயலாது. ஆகவே பொருளைக் கரைத்து, கரைசலை அழுத்தத்தில் வைத்து, அங்கேயே படிகம் விளையும்படி செய்தால், மூலக்கூறுகள் தாம் விரும்பும் வரிசையை முதலிலிருந்தே தேர்ந்துகொள்ளும் அல்லவா? மெதனாலில் கரைத்த பாராசிட்டமாலை ஏறக்குறைய 6,000 வாயுமண்டலத்தில் இவ்வாறு விளைவித்தபோது, மெதனாலையும் தன்னோடு சேர்த்துக்கொண்ட புதிய படிகம் ஒன்று கிடைத்தது. தண்ணீரில் கரைத்து ஏறக்குறைய 11,000-இல் விளைவித்தபோது, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட படிகம் கிடைத்தது. மருந்து மாத்திரைகளை அச்சிடும் யந்திரங்களே ஆயிரம் முதல் சில ஆயிரம் வாயுமண்டலம் வரை அழுத்துகின்றன என்பதை நினைக்கும்போது, இவ்வாராய்ச்சி அறிவின் விளையாட்டு மட்டும் அல்ல என்பது விளங்கும். எந்த மருந்து எந்த அழுத்தத்தில் எந்த வடிவம் கொள்ளும் என்பதை மாத்திரை செய்வோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது கடமை என்றே நான் கருதுகிறேன். ஒரே மருந்தின் இரு வடிவங்கள் உடலில் ஒரே வேகத்தில் கரைவதில்லை.

மூலக்கூறு என்றென்றும் சேதமின்றி நிற்கும் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அழுத்தம் லட்சங்களை எட்டும்போது, அடுத்தடுத்த வளையங்களின் கரியணுக்கள் அந்நியம் பாராட்ட இடமின்றி ஒன்றோடொன்று நேரே பிணைந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சர்வகலாசாலையில் ஜான் பேடிங்கின் குழுவினர், பென்சீனை ஏறக்குறைய 2 லட்சம் வாயுமண்டலம் வரை அமுக்கி, அழுத்தத்தைப் பல மணி நேரம் மெதுவாகத் தளர்த்தியபோது, வைரத்தில் உள்ளதைப் போன்ற பிணைப்புகளால் ஆன, மயிரிழையினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரி இழைகள் உருவாயின என்று 2014-இல் அறிவித்தார்கள். அழுத்தத்தை நீக்கிய பிறகும் அந்த இழைகள் பென்சீனாகத் திரும்புவதில்லை.

பாராசிட்டமாலைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு வடிவம் மற்றொன்றாவதற்கு வித்து முளைக்க வேண்டும் என்று குறிப்பிட்டேன். அழுத்தம் எதுவும் இல்லாமலேயே, எவரும் எதிர்பாராத வேளையில் அப்படி ஒரு வித்து முளைத்ததால், எய்ட்ஸ் நோயாளிகள் உண்டுவந்த ரிட்டோனவிர் என்ற மருந்தின் காப்ஸ்யூல்களை 1998-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. அடுத்த அத்தியாயத்தில் அதனை விரிவாகக் காண்போம்.